துண்டுக்கு அடியில் ஒரு கை

கண்மாய்க்கரை மடத்து அம்மை முற்றத்தில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். சோணைமுத்து வந்து தராசைத் தூக்கி அவர் முன்னால் போட்டான். இரும்புக் கொக்கி கல்லில் பட்டுக் கணீரென்றது.

"ஒருத்தி வரலை தாயே. ஒருத்திகூட வரலை."

அம்மை சுளகை நிறுத்தவில்லை.

"சத்துமாவு வந்தாச்சு. நர்சம்மா வந்து காத்துக்கிடந்துட்டுப் போயாச்சு. கொட்டகை போட்டு, சாணி மெழுகி, கோலம்கூடப் போட்டு வெச்சேன். கூப்பிடப் போனா, நான் என்னமோ பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி முந்தானையால பிள்ளையை மூடிக்கிட்டு ஓடுறாளுக. நல்லது செய்ய வந்தவனைக் கண்டா மனுசன் ஏன் தாயே ஓடுறான்?"

சோணைமுத்து மடத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த சீடன். தலை முழுக்க நரைத்தவன். அம்மை அவனுக்குத் தங்கையாக இருக்கத் தக்க வயதுக்காரர். மடத்துக்கு வருவதற்கு முன்பு அவன் சந்தையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தரகன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஏமாந்து ஏமாந்து கணக்குப் படித்தான். அடிபட்டு அடிபட்டுப் பேசப் படித்தான். மடத்துக் கிழட்டுப் பசுவை விலை பேச வந்தவன், எவ்வளவு கிண்டியும் அம்மையின் வாயிலிருந்து ஒரு விலை வராததைக் கண்டு அதிசயப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டான். அம்மை இன்றுவரை அவனைத் தரகரே என்றுதான் கூப்பிடுகிறார்.

அறுப்பு முடிந்ததும் கிடைக்காரர்கள் ஆட்டு மந்தையோடு வந்து, எருவுக்காக வயல்களில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். ஓலைக்குடில்களில் பெண்டு பிள்ளைகளும் இருக்கும். அவர்கள் இங்கே தங்கியிருக்கும்வரை தாய்மார்களையும் கைப்பிள்ளைகளையும் மடம் கவனிக்க வேண்டும் என்று அம்மை சொன்னார். பொறுப்பைச் சோணைமுத்துவிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பிள்ளை நாள். பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது. எடை குறைந்த பிள்ளையை மடத்து வண்டியில் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. மற்ற பிள்ளைகளுக்கு மாவு.

முதல் வெள்ளிக்கிழமை வந்தார்கள். சோணைமுத்து முதல் பிள்ளையைத் தொட்டிலோடு தன் பழைய ஆட்டுத் தராசின் கொக்கியில் மாட்டி, சந்தைக் குரலில் எடையைச் சொன்னான். திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் ஆளில்லை. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

"சொல்லுங்க தாயே. ஏன் ஓடுறாளுக?"

"கையை நீட்டுங்க தரகரே."

நீட்டினான். அம்மை எழுந்து வந்து, அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நீட்டிய கையின் மேல் போட்டார். சந்தையில் விலை பேசும்போது போடுகிற மாதிரியே. பிறகு திரும்பிப் போய்ச் சுளகை எடுத்துக்கொண்டார்.

சோணைமுத்து கையை நீட்டியபடி நின்றான். ஒரு காக்கை வந்து கேழ்வரகைக் கொத்திவிட்டுப் போனது.

"என்ன தாயே இது?"

"விலை பேசுங்க."

"யாரோட?"

அம்மை தவிட்டை ஊதினார்.

"கேள்வி கேட்டா பதில் சொல்லணும். இப்படிக் கேலி பண்ணக்கூடாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது. மாயழகு என்ற கிடைக்காரி தண்ணீருக்கு வந்தபோது அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை அவன் பார்த்திருந்தான். கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி தொங்கின. ஆடு மாடு பார்த்துப் பழகிய கண். எது தேறும், எது தேறாது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சோணைமுத்துக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

மறுநாள் காலையில் மடத்து ஊருணியின் தட்டிக்கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தான். சுற்றுவட்டாரத்தில் மந்தைக்கு வேறு தண்ணீர் இல்லை.

வெயில் ஏறியதும் மந்தை வந்து வேலியோரம் முட்டிக்கொண்டு கத்தியது. கிடையின் தலைவர் வெள்ளைக்கண்ணு கீதாரி கோலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"தரகரே, ஆடு தண்ணி கேக்குது."

"பிள்ளைகளைக் கொண்டாந்து நிறுக்கச் சொல்லுங்க. கதவு தொறக்கும்."

"பிள்ளைக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் போட்டதுதான் சம்பந்தம்."

கீதாரி பூட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"தண்ணியை வெச்சு மிரட்டுற ஊர்ல கிடை நிக்காது. விடிஞ்சா எடுத்துருவோம்."

சோணைமுத்து மீசைக்குள் சிரித்துக்கொண்டான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். விலை படியலை, போறேன் என்று மாட்டுக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பான். புளியமரம்வரை போய்த் திரும்பிப் பார்ப்பான். இவரும் திரும்புவார்.

கீதாரி புளியமரத்தைத் தாண்டினார். திரும்பவில்லை.

பொழுது சாயும்போது குடில்களின் ஓலையைப் பிரித்துக் கட்டுவது கரையிலிருந்தே தெரிந்தது. கழுதைகளைப் பிடித்து வந்து நிறுத்தியிருந்தார்கள். சோணைமுத்து மடத்துக்கு ஓடினான்.

"கிடை போகுது தாயே! அந்தப் பிள்ளை வழியிலயே போயிரும். பெத்தவளுக்கு இல்லாத அக்கறை எனக்கு எதுக்கு? எக்கேடும் கெட்டுப் போகட்டும்! நாம என்ன விஷமா வெச்சோம்? மாவுதானே வெச்சோம்!"

"ஊருணியைப் பூட்டினது யாரு?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

அம்மை குரலை உயர்த்தவில்லை. ஆனால் சுளகு நின்றிருந்தது. வந்த நாளிலிருந்து அந்தச் சுளகு அவர் கையில் இருக்கும்போதே பேச்சுக்கு நடுவில் நின்று அவன் பார்த்ததில்லை.

"சாவி எங்கே?"

"இடுப்பில இருக்கு."

"துண்டு?"

"தோள்ல."

"ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

போனான். போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனான். கிடைக்காரர்களைத் திட்டினான், வெயிலைத் திட்டினான், அம்மையையும் கொஞ்சம் திட்டினான்.

மாயழகு பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேலமரக் கிளையில் கட்டிய சேலைத் தூளியில் பிள்ளை கிடந்தது. அழத் தெம்பில்லாமல் முனகியது.

"ஏம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? பிள்ளை இருக்கிற இருப்பைப் பாத்தியா?"

மாயழகு நிமிர்ந்தாள். "வாங்கடி வாங்கடி, ஏலம் விடுறவரு வந்துட்டாரு."

பக்கத்துக் குடில்காரிகள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து கூடினார்கள்.

"யாரு ஏலம் விட்டா?"

"நீதான்யா. செவந்தி பிள்ளையைத் தூக்கி மாட்டிட்டு 'ஆறரை, ஆறரை'ன்னு என்னா கத்து கத்தின! கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கிறவனுக்கெல்லாம் கேட்டுச்சு. வாங்குறதுக்கு ஒரு ஆளு மட்டுந்தான் வரலை."

"நர்சம்மா எழுத வேணாமா? அதுக்குச் சொன்னேன்."

"சந்தையில மாட்டு விலையை இப்படித்தான் கத்துவியா?"

சோணைமுத்து வாயைத் திறந்தான்.

"கத்தமாட்டே. அடுத்தவன் காதுல விழக்கூடாது, கண்ணு பட்டுரக்கூடாதுன்னு துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவே. மாட்டுக்கே அம்புட்டு மறைப்பு. எம்பிள்ளைக்கு ஒரு துண்டுகூடக் கிடையாதா?"

சோணைமுத்து தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"சரி, அதை விடு. அந்தக் கொக்கி? எங்கப்பன் ஆடு ஓட்டிக்கிட்டு வந்தாரு உங்கிட்ட. நிறுத்துப் பாத்தே. விலை கட்டலை, திருப்பி ஓட்டிட்டுப் போறேன்னாரு. என்னா சொன்னே? கொக்கி ஏறுன ஆட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போனா கிடைக்கு ஆகாதே பெரியவரேன்னு சொன்னே. எங்கப்பன் வாயை மூடிக்கிட்டாரு. நீ கேட்ட விலைக்கு ஆட்டை விட்டுட்டு வந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

கிடைக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தராசுக் கொக்கியில் ஏறிய ஆடு திரும்பக் கிடைக்குள் வரக்கூடாது; அன்றைக்கே கைமாறிவிட வேண்டும். சோணைமுத்துக்கு அது தெரியும். தன் தொழில் முழுக்க அதை வைத்தே எத்தனையோ கிடைக்காரர்களை மடக்கியிருக்கிறான். கொட்டகை போட்டபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

"அதே கொக்கி. அதே கை. இப்ப வந்து எம்பிள்ளையை மாட்டுங்கிறே. மாட்டலைன்னா ஆட்டுக்குத் தண்ணி இல்லைங்கிறே. யாருக்குய்யா மனசு இல்லை? எனக்கா?"

கழுதை ஒன்று காதை அசைத்தது.

சோணைமுத்துவின் கோபம் நெஞ்சுவரை வந்து நின்றது. அதை யார் மேல் எறிவது என்று தெரியாமல் நின்றான். பிறகு மாயழகுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டு, கையை நீட்டினான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஏடி, தரகர் பொம்பளைகூடத் துண்டு போடுறாருடி!"

"கீதாரி, நம்ம ஆளுகளை எண்ணி வைங்க. நாலு பேரை ஓட்டிட்டுப் போயிருவாரு!"

மாயழகு சிரிக்கவில்லை. "எதுக்கு இது?"

"பேசத்தான்."

"எனக்கு வாய் இருக்கு. அந்தக் கையை மடக்கு. கேக்கிறதை வாயால கேளு."

கையை மடக்கிக்கொண்டான். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் விலை கேட்டிருக்கிறான். இப்போது கேட்க வேண்டியதற்கு நாக்கு வளைய மறுத்தது.

"உம்பிள்ளையை எப்படி நிறுக்கணும்? நீயே சொல்லு."

"முதல்ல ஊருணியைத் தொற. வந்து உக்காரு. அப்புறம் சொல்றேன்."

ஓடினான். சங்கிலி அவிழ்ந்ததும் மந்தை அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ஊருணிக் கரை முழுக்க ஆட்டுத் தலைகள். உறிஞ்சும் சத்தத்தைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. மடத்துக்குப் போய்த் தராசை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"சொல்லு."

"உங்க கொட்டகைக்கு நாங்க வரமாட்டோம். இந்த மரத்தடிதான்."

"நர்சம்மா இம்புட்டுத் தூரம் வரணுமே."

"நாங்க ஊர் ஊரா நடக்கிறோம். அந்தம்மா ஒரு கண்மாயைச் சுத்தி வராதாக்கும்?"

"சரி. சொல்லிப் பாக்கிறேன்."

"பாக்கிறதில்லை. வரணும்."

"வருவாங்க."

"கொக்கி எம்பிள்ளை மேல படக்கூடாது. தராசு மேல கிளையில இருக்கட்டும். கீழே என் தூளியை நான் கட்டுவேன். பிள்ளை எப்பவும் தூங்குற தூளி. நானே போடுவேன், நானே எடுப்பேன். நீ தொடக்கூடாது."

"தூளி கனமும் சேந்துருமே?"

"ஏய்யா, சாக்கோட நிறுத்தா சாக்கைக் கழிக்கத் தெரியாதா? நீயெல்லாம் என்னா தரகன்?"

இந்த முறை அவனும் சிரித்துவிட்டான்.

"எடையைக் கத்தக்கூடாது."

"காதுல சொல்றேன்."

"சுத்தி இத்தனை பேரு நிக்கிறாக. காதுல சொன்னாலும் கேக்கும்."

அவன் யோசித்தான். மாயழகின் கண் அவன் மடியில் கிடந்த துண்டின் மேல் போனது. அவன் கண்ணும் அங்கேதான் போனது.

"ஒரு விரல் ஒரு கிலோ," என்றான்.

"உங்கையை நான் தொடமாட்டேன்."

"தொட வேணாம். தூக்கிப் பாரு, போதும்."

தராசைக் கிளையில் கட்டினார்கள். முதலில் வெறும் தூளி. அதன் கனத்தை மனசில் வைத்துக்கொண்டான். அப்புறம் மாயழகு பிள்ளையை எடுத்து நெற்றியில் முத்தமிட்டு, தூளிக்குள் போட்டாள். முள் கொஞ்சம் அசைந்து நின்றது. சோணைமுத்து கிட்டப் போய்ப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். திரும்பி வந்து கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களை நீட்டினான்.

மாயழகு குனிந்து துண்டின் நுனியை மட்டும் தூக்கினாள்.

கட்டைவிரல் மடங்கி, நாலு விரல் மட்டும் நீண்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?"

"ஆமா."

"தரகு வேலை காட்டலையே?"

"இல்லை தாயி."

"ஏழு மாசப் பிள்ளைக்கு எம்புட்டு இருக்கணும்?"

அவன் மடங்கிய கட்டைவிரலை நீட்டினான். பிறகு இன்னொரு கையையும் துண்டுக்கு அடியில் கொண்டுபோனான். அதிலும் விரல்கள் நீண்டன.

மாயழகு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துண்டின் நுனியை மெல்லக் கீழே விட்டு, யாரும் பார்க்காதபடி சரியாக இழுத்து மூடினாள். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வண்டி எங்க நிக்குது?"

வண்டி புறப்பட்டுப் போனதும் சோணைமுத்து தராசை அவிழ்க்கக் கிளைக்குக் கையை உயர்த்தினான். அவனுக்குப் பின்னால் செவந்தி நின்றாள். கையில் மடித்த சேலை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

"அவுக்காதே. அன்னிக்கு ஊருக்கே சொன்னியே, இன்னிக்கு எனக்கு மட்டும் சொல்லு."

கீதாரி கழுதைகளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"ஓலையை இறக்குங்கப்பா. பிள்ளை வரட்டும். அப்புறம் போவோம்."

பிள்ளை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாயழகு தூளியைக் கட்டினாள். துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் நிமிர்ந்திருந்தது.

"அடுத்த கைக்கு இன்னும் போகலை," என்றாள்.

"போகும்."

"அடுத்த வருசம் வருவோம். ரெண்டு கையையும் கழுவி வை."

கிடை போன மறுநாள் சோணைமுத்து அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தான். அம்மை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"தாயே, கொக்கி விசயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"நான் எடையைக் கத்துனது அவங்களுக்குக் குத்துதுன்னு?"

"தெரியாது."

"பின்னே எதை வெச்சு என் கையில துண்டைப் போட்டீங்க?"

"தெரியாததை வெச்சுத்தான். துண்டுக்கு அடியில ஒரு கை மட்டும் இருந்தா விலை படியுமா தரகரே?"

சோணைமுத்து தலையை ஆட்டினான். முகம் மலர்ந்தது.

"இனிமே கோட்டை விடமாட்டேன் தாயே. சித்திரையில விறகை எரிச்சுக் கரிமூட்டம் போடுறவங்க குடும்பத்தோட வர்றாங்க. இப்பவே எல்லாம் பண்ணிட்டேன். கொட்டகையைப் பிரிச்சு வேலமரத்தடியில போட்டாச்சு. தூளி வரிசையாத் தெச்சுத் தொங்கவிட்டாச்சு. எடை காட்டுறதுக்குன்னே புதுத் துண்டு எடுத்து வெச்சிருக்கேன். யாராவது தூளி வேணாம், துண்டு வேணாம்னு முரண்டு பிடிக்கட்டும், அப்புறம் இருக்கு அவங்களுக்கு!"

சுளகு நின்றது.

"கையை நீட்டுங்க தரகரே."